முப்பத்தொருவர் தோற்கும் விழா

போட்டி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனம் வெற்றியையே நாடுகின்றது. கிண்ணத்தை ஏந்தி நிற்பவனின் படமே பத்திரிகையில் வெளிவரும். மாலையும் மேளமும் அவனுக்கே உரியன. ஆயினும் சற்று எண்ணிப் பார்த்தால், எந்தப் போட்டியிலும் வெல்பவர் சிலர், தோற்பவர் பலர் என்பது விளங்கும். இவ்வுண்மை மிகத் தெளிவாகத் தோன்றும் ஓரிடம் உண்டு. தொழில்முறை மல்லர்கள் பல இரவுகள் தொடர்ந்து மோதும் விலகல் முறைச் சுற்றுப்போட்டியே அது. அத்தகைய போட்டி எவ்வாறு அமைகின்றது, அதிலே மக்கள் எதனைக் காணச் செல்கின்றனர், அங்கே தோற்பவனுடைய பணி யாது என்பவற்றை இன்று ஆராய்வோம்.

விலகல் முறை நமக்குப் புதியதன்று. நம் ஊர்களில் உதைபந்தாட்டக் கழகங்கள் நடத்தும் 'நொக் அவுட்' போட்டியே அது. ஒருமுறை தோற்றவர் வெளியேற வேண்டியதுதான், மறுவாய்ப்பு இல்லை. 'லீக்' முறை அவ்வாறன்று. அதிலே ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் சந்திப்பர்; இன்று தோற்றவர் நாளை வென்று ஈடுசெய்து கொள்ளலாம். 32 பேர் லீக் முறையில் மோதுவதாயின் 496 ஆட்டங்கள் வேண்டும். விலகல் முறையிலோ 31 ஆட்டங்கள் போதும். முதற் சுற்றில் 16, அடுத்து 8, பின்னர் 4, அதன்பின் 2, இறுதியில் 1 எனக் கூட்டி இத்தொகையைப் பெறலாம். கூட்டாமலே பெறுவதற்கும் வழியுண்டு. ஓர் ஆட்டம் ஒருவரை மட்டுமே வெளியேற்றும். ஒருவர் எஞ்சுவதற்கு 31 பேர் வெளியேற வேண்டும். ஆகவே ஆட்டங்கள் 31. எத்தனை பேர் சேர்ந்தாலும் இக்கணக்கு மாறாது. 48 பேர் என்றால் 47 ஆட்டங்கள். அவ்வாறு எண்ணிக்கை இரட்டித்துச் செல்லும் வரிசையில் அமையாதபோது, சிலர் முதற் சுற்றில் ஆடாமலே இரண்டாம் சுற்றுக்கு அனுப்பப்படுவர். 48 பேரில் 16 பேர் காத்திருக்க, மற்ற 32 பேர் மோதுவர்; வென்ற 16 பேரும் காத்திருந்த 16 பேரும் சேர்ந்து 32 ஆவர். அதன்பின் கணக்கு முன்போலவே செல்லும்.

இக்கணக்கு வேறோர் உண்மையையும் உரைக்கின்றது. 32 பேர் புகும் விழாவில் 31 பேர் தோல்வியோடு வீடு திரும்புகின்றனர். வெற்றியைக் கொண்டாடுவதற்கென எடுக்கும் விழா, உண்மையில் தோல்விகளாலேயே கட்டப்பட்டுள்ளது. இதனை மனத்திற் கொண்டு மல்யுத்தத்தின் பக்கம் திரும்புவோம்.

ஒலிம்பிக் விழாவிலே நடைபெறும் மல்யுத்தம் வேறு. இங்கு நாம் பேசும் தொழில்முறை மல்யுத்தம் வேறு. முன்னதில் இருவரும் வெல்வதற்கே முயல்வர். முடிவை ஒருவரும் முன்கூட்டி அறியார். பின்னதில் யார் வெல்வது என்பதை நடத்துவோர் முன்பே தீர்மானித்து விடுவர். நெடுங்காலம் இது தொழில் இரகசியமாகக் காக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிகப்பெரிய மல்யுத்த நிறுவனம், நியூ ஜேர்சி மாநிலத்தின் விளையாட்டு மேற்பார்வையிலிருந்து விலக்குப் பெறும் பொருட்டு, தான் நடத்துவது போட்டியன்று, பொழுதுபோக்குக் காட்சியே என்று அம்மாநிலச் சட்டமன்றத்துக்குத் தானே எடுத்துரைத்தது. அதன்பின் இதனை இரகசியம் என்று கூறுதல் பொருந்தாது.

முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டதாயின் அதைப் பார்ப்பதில் என்ன பயன் என்று கேட்போர் பலர். இக்கேள்விக்கு விடை நம்மிடமே இருக்கின்றது. மட்டக்களப்பிலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள், அபிமன்யு சக்கரவியூகத்தினுள் மடிவான் என்பதை அறிந்தே வட்டக்களரியைச் சுற்றி அமர்ந்திருந்தனர். அறிந்திருந்தும் அவர்கள் கண் கலங்காமற் போனதில்லை. எவ்வாறு மடிகின்றான், மடியும்வேளை எப்படி நிற்கின்றான் என்பதைக் காண்பதற்காகவே அவர்கள் விழித்திருந்தனர். மல்யுத்தத்திலோ முடிவு ஆடுவோர்க்குத் தெரியும், காண்போர்க்குத் தெரியாது, வேற்றுமை இவ்வளவே. 1957இல் வெளிவந்த 'மித்தோலொஜி' என்ற கட்டுரைத் தொகுதியின் முதற் கட்டுரையைப் பிரெஞ்சு அறிஞர் றோலன் பார்த் மல்யுத்தத்துக்கே ஒதுக்கினார். விளையாட்டுக்களின் வரிசையில் வைக்காது நாடகக் காட்சியாகவே அதனை நோக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

இக்காட்சியைப் பல இரவுகளுக்கு நீட்டும் வழக்கம் பழையது. 1915இல் நியூயோர்க் நகரத்து மன்ஹற்றன் ஒப்பரா மண்டபத்தில் பல நாட்டு மல்லர்கள் கலந்துகொண்ட நெடும் போட்டியொன்று நடைபெற்றது. முகமூடியணிந்த ஒருவர் அதிலே தோன்றி, யார் இவர் என்று நகரத்தையே பேசவைத்தார். நடத்துவோர்க்கு இதனால் விளையும் ஆதாயம் வெளிப்படை. ஓர் இரவின் காட்சி முடிந்ததும் சனம் கலைந்துவிடும். மறுநாள் யார் யாரைச் சந்திப்பார் என்ற கேள்வியோடு வீடு செல்பவரோ மறுநாளும் அனுமதிச் சீட்டு வாங்குவார்.

இம்முறையை இன்றுவரை செம்மையாகப் பேணிவரும் நாடு யப்பான். அங்கே இக்கலையை நிலைநாட்டியவர் ரிக்கிடோசான். கொரியாவிற் பிறந்து, சுமோ மல்லராக விளங்கிய அவர், 1953இல் தொழில்முறை மல்யுத்த நிறுவனமொன்றைத் தொடங்கினார். 1954 பெப்ரவரியில் ஷார்ப் சகோதரர்களை எதிர்த்து அவர் மோதியபோது, வீட்டிலே தொலைக்காட்சி இல்லாத மக்கள் தெருமுனைகளில் வைக்கப்பட்ட பெட்டிகளின் முன் திரண்டு நின்றனர். போரிலே தோற்ற நாடு தன் வீரன் ஒருவன் வெல்வதைக் காண ஏங்கிய காலம் அது. 1955இல் அவர் எதிர்கொண்டவர்களுள், நம் நாட்டு முதியோர் பெயரறிந்த அங்கேரியர் கிங் கொங்கும் ஒருவர். பஞ்சாப்பின் தாரா சிங்கும் அவ்வாண்டில் யப்பானிய மேடையில் ஏறினார். 1959இல் ரிக்கிடோசான் பல நாட்டவரை அழைத்து உலக லீக் என்ற நெடும் போட்டியைத் தொடங்கினார். 1963 வரை ஆண்டுதோறும் அதில் வென்றவர் அவரே. அவ்வாண்டின் இறுதியில் கத்திக் குத்துக்கு இலக்காகி அவர் இறந்தார். அவருடைய மாணவர் அன்ரோனியோ இனொக்கி 1972இல் நியூ யப்பான் மல்யுத்த நிறுவனத்தை நிறுவினார். அந்நிறுவனம் 2005இல் தொடங்கிய விலகல் முறைப் போட்டியே நியூ யப்பான் கிண்ணம். இப்பேச்சின் எஞ்சிய பகுதி அதனைப் பற்றியது.

நியூ யப்பான் கிண்ணம் வழக்கமாக மார்ச் மாதத்தில் நடைபெறுகின்றது. தொடக்க ஆண்டுகளில் ஏறக்குறையப் பதினாறு பேர் கலந்துகொண்டனர். 2019இல் அத்தொகை 32 ஆயிற்று. நிறுவனத்தின் ஐம்பதாம் ஆண்டான 2022இல் 48 பேர் சேர்க்கப்பட்டனர். முதற் கிண்ணத்தை வென்றவர் ஹிரோஷி தனஹாஷி. வென்றவருக்குக் கிடைப்பது முடியன்று. முடிதரித்தவரை எதிர்த்து மோதும் உரிமையே. ஆகவே இக்கிண்ணம் ஒரு கதையின் முடிவாக அமையாது, அடுத்த கதைக்கு வாயிலாகவே அமைகின்றது.

மல்லர்கள் ஒரே மண்டபத்தில் தங்குவதில்லை. பேருந்தில் ஊர் ஊராகச் செல்கின்றனர். தோக்கியோவின் கோராக்குவென் மண்டபம் இரண்டாயிரம் பேருக்குள் கொள்ளும் சிறிய இடம். ஆயினும் அங்கு மேடைக்கும் சனத்துக்கும் இடையே தூரம் இல்லை. இறுதியாட்டம் பல ஆண்டுகளில் நகவோக்கா என்னும் நகரத்தில் நடந்திருக்கின்றது. பனி மிகுந்த வடமேற்குக் கரையோர மாகாணத்தைச் சேர்ந்தது அந்நகரம். மாநகரசபைக் கட்டடத்தோடு இணைந்த பொதுமண்டபமே அங்கு அரங்கு. தலைநகருக்கு அப்பாலும் ஒரு பெருநிகழ்ச்சியைக் கொண்டுசெல்லும் இவ்வழக்கம் பாராட்டத்தக்கது.

ஓர் இரவின் நிகழ்ச்சி எவ்வாறு அமைகின்றது என்பதையும் அறிதல் வேண்டும். கிண்ணத்துக்குரிய ஆட்டங்கள் அன்றிரவு சிலவே இருக்கும். அவை நிகழ்ச்சியின் பிற்பகுதியில் வரும். முற்பகுதியில் மற்ற மல்லர்கள் இருவராகவும் மூவராகவும் அணிசேர்ந்து மோதுவர். அணியாட்டத்தில் ஒருவர் மேடையில் நிற்க மற்றவர் கயிற்றுக்கு வெளியே இளைப்பாறலாம். உடலுக்கு வருத்தம் குறைவு. அதேவேளை நாளை சந்திக்கவிருக்கும் இருவரை இன்றே எதிரெதிர் அணிகளில் நிறுத்தி, பகையின் விதையைத் தூவிவிடுவதும் உண்டு. தோள்களை மூன்று எண்ணும்வரை தரையில் அழுத்துதல், பிடியால் வருத்திப் பணியவைத்தல், கோதாவுக்கு வெளியே விழுந்தவர் நடுவர் இருபது எண்ணுமுன் திரும்பாதிருத்தல் ஆகியவை வெற்றிக்குரிய வழிகள். விலகல் முறையில் இவ்வெண்ணிக்கைகளுக்குத் தனி வலு உண்டு. லீக் போட்டியில் நடுவர் மூன்றாம் முறை தரையைத் தட்டினால் ஒருவர் சில புள்ளிகளை இழக்கின்றார். இங்கோ அவ்வாண்டின் நம்பிக்கை முழுவதும் அந்தத் தட்டலோடு முடிகின்றது. ஒவ்வோர் ஆட்டமும் யாரோ ஒருவருக்குக் கடைசி ஆட்டம் என்பதைச் சனம் அறியும். அதனால் மண்டபத்தில் மூச்சடங்கிய அமைதி நிலவுகின்றது.

பட்டியலை வகுப்பவரின் வேலை எளியதன்று. யாரை வெல்லவைப்பது என்பது அவருக்குச் சிறிய கேள்வி. அதற்கு ஒரே ஒரு விடைதான் வேண்டும். யாரை யாரிடம், எந்தச் சுற்றில், எவ்வகையில் தோற்கவைப்பது என்பதற்கோ 31 விடைகள் வேண்டும். புகழ்பெற்ற ஒருவரை முதல் இரவிலேயே இளைஞன் ஒருவனிடம் தோற்கவைத்தால் அவ்விளைஞனின் மதிப்பு ஓரிரவில் உயரும். ஆனால் அம்முதல்வரின் மதிப்பு குன்றாமற் காக்கவேண்டும். எல்லா முதல்வர்களும் இறுதிவரை வந்தால் வியப்பு இல்லை. ஒருவரும் வராவிட்டால் இறுதியாட்டத்துக்குச் சனம் இல்லை. 2020இல் எடை குறைந்த பிரிவைச் சேர்ந்த ஹிரோமு தக்காஹாஷி அரையிறுதி வரை முன்னேறி, தம்மிலும் மிகப் பெரியவரான கசுச்சிக்கா ஒக்காடாவிடம் தோற்றார். அத்தோல்வியால் அவர் புகழ் குன்றவில்லை.

இங்கேதான் இக்கலையின் நுட்பம் தங்கியிருக்கின்றது. இன்றிரவு தோற்கவேண்டியவர் என்று குறிக்கப்பட்டவர், தம்மை வெல்பவரை வல்லவராகக் காட்டவேண்டும். அதேவேளை தாமும் வல்லவரே என்று சனம் நம்பவேண்டும். அவர் எளிதில் விழுந்தால் வெற்றிக்கு மதிப்பில்லை. எழுந்து எழுந்து நின்று, இனி இயலாது என்ற நிலையில் விழுந்தாலே வெற்றி வெற்றியாகின்றது. வெல்பவர் கையைத் தூக்கும்போது அக்கையைத் தாங்கி நிற்பது தோற்றவருடைய உழைப்பு. நன்றாகத் தோற்பவரை அத்தொழிலில் உள்ளோர் பெரிதும் மதிக்கின்றனர்.

நியூ யப்பான் நிறுவனம் இப்பாடத்தைத் தன் பயில்வோர்க்கு முதற் பாடமாகவே வைக்கின்றது. 'இளஞ்சிங்கம்' என்று அழைக்கப்படும் அவர்கள் பயிற்சி மனையிலேயே தங்கி வாழ்கின்றனர். சமைப்பதும் துடைப்பதும் மூத்தோர்க்கு உதவுவதும் அவர்கள் கடமை. கரிய காற்சட்டையும் கரிய சப்பாத்துமே அவர்களுக்கு உடை, அலங்காரத்துக்கு இடமில்லை. மேடையில் அவர்கள் கையாளும் உத்திகளும் மிக எளியன. மூத்தோரிடம் அவர்கள் இரவுதோறும் தோற்கின்றனர். இவ்வாறு சில ஆண்டுகள் தோற்றுப் பழகியபின் வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டு, புதிய பெயரோ புதிய தோற்றமோ பெற்றுத் திரும்புவர். அவர்களை அன்றுமுதல் தொடர்ந்து கண்ட சனம், பின்னொருநாள் அவர்கள் கிண்ணம் ஏந்தும்போது தம் வீட்டுப் பிள்ளை தேறியதுபோல் மகிழ்கின்றது.

இக்கிண்ணத்தின் வரலாற்றில் இரு பள்ளித் தோழரின் கதை குறிப்பிடத்தக்கது. ஹிரோக்கி கோட்டோவும் கட்சுயோரி ஷிபாட்டாவும் மியே மாகாணத்து உயர்பள்ளியொன்றில் ஒன்றாகப் படித்தவர்கள். பள்ளி மல்யுத்தக் குழுவிலும் ஒன்றாகப் பயின்றவர்கள். இருவரும் ஒரே நிறுவனத்தில் தொழில் தொடங்கினர்.

கோட்டோ 2009, 2010, 2012 ஆகிய மூன்று ஆண்டுகளில் இக்கிண்ணத்தை வென்றார். மும்முறையும் முடிதரித்தவரை எதிர்க்கும் உரிமை அவருக்குக் கிடைத்தது, மும்முறையும் தோற்றார். பின்னர் வேறு வழிகளில் வாய்ப்புப் பெற்றபோதும் தோற்றார். கதவுவரை சென்று திரும்புகின்றவர் என்றே அவரைப் பலரும் கருதலாயினர். 2024இல் மீண்டும் இறுதியாட்டத்துக்கு வந்து, தம்மிலும் மிக இளையவரான யோட்டா சுஜியிடம் தோற்றார். அத்துடன் அவர் கதை முடிந்தது என்று எண்ணியோர் இருந்திருப்பர். 2025 பெப்ரவரி 11ஆம் திகதி ஒசாக்காவில், தம் 45ஆம் வயதில், கோட்டோ சாக் சேபரை வென்று முதன்முறையாக நிறுவனத்தின் தலையாய முடியைப் பெற்றார். முதற் கிண்ணம் வென்று 16 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவ்வாண்டு ஏப்பிரலில், கிண்ணம் வென்று தம்மை எதிர்க்க வந்த டேவிட் பின்லேயை அவர் வென்றனுப்பினார். மூன்றுமுறை கிண்ணத்தோடு வந்து கதவைத் தட்டியவர், கதவின் உட்புறத்தில் நின்று அடுத்தவரைச் சந்தித்த காட்சி அது.

இம்முடிவும் எழுதப்பட்டதே என்று கூறலாம், அது உண்மையே. ஆயினும் பதினாறு ஆண்டுகள் எழுதப்பட்டவை அல்ல. அவ்வளவு காலமும் அவர் உடல் மேடையில் விழுந்து எழுந்தது. அவ்வளவு காலமும் சனம் அவரைப் பெயர்சொல்லி அழைத்தது. எழுதுகோல் பிடித்தவர் முடியைக் கொடுக்கலாம். கண்டோர் விட்ட கண்ணீரை எழுதிக் கொடுக்க இயலாது.

ஷிபாட்டாவின் கதை வேறு. அவர் தந்தையும் இந்நிறுவனத்தின் மல்லராகவும் பின்னர் நடுவராகவும் பணியாற்றியவர். 2017இல் பதினாறு பேர் புகுந்த கிண்ணப் போட்டியில் ஷிபாட்டா நான்கு ஆட்டங்களில் வென்று, மார்ச் 20ஆம் திகதி நகவோக்காவில் கிண்ணத்தை ஏந்தினார். ஏப்பிரல் 9ஆம் திகதி தோக்கியோவின் ரியோகோக்கு சுமோ மண்டபத்தில் ஒக்காடாவை எதிர்த்தார். ஆட்டம் 38 நிமிடங்கள் நீடித்தது. இடையிலே ஷிபாட்டா தம் நெற்றியால் ஒக்காடாவின் தலையை மிக வன்மையாக முட்டினார். அந்த ஓசை மண்டபமெங்கும் கேட்டது. அவர் நெற்றியிலிருந்து இரத்தம் வழிந்தது. முடிவிலே அவர் தோற்றார். அது வகுக்கப்பட்டிருந்தபடியே நடந்தது. மேடையை விட்டு உட்சென்றபின் அவர் சரிந்து விழுந்தது மட்டும் வகுக்கப்பட்டதன்று. மூளையைப் போர்த்திய உறையின் கீழ் இரத்தம் கசிந்திருந்தது. உடனடியாக அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டு உயிர் காக்கப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் அதே மண்டபத்தின் மேடையில் தோன்றி, தாம் உயிரோடிருப்பதாக மட்டும் சுருக்கமாகக் கூறிச் சென்றார். பின்னர் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நிறுவனத்தின் இளையோரைப் பயிற்றுவித்தார். 2021 ஒக்ரோபரில் ஐந்து நிமிடக் காட்சி ஆட்டமொன்றிலும், 2022 ஜனவரி 4ஆம் திகதி தம் மாணவர் ரென் நரிட்டாவுடன் முழு ஆட்டமொன்றிலும் அவர் மேடைக்குத் திரும்பினார்.

போலி என்று கூறி இக்கலையை ஒதுக்குவோர் ஷிபாட்டாவின் நெற்றியை நினைத்தல் வேண்டும். முடிவு வகுக்கப்பட்டது, வீழ்ச்சி உண்மையானது. அதேவேளை, உண்மையை மெய்ப்பிக்கும் ஆர்வம் எல்லை கடந்தால் கலை கொலையாகும் என்பதையும் நினைத்தல் வேண்டும். அந்த முட்டல் இன்றியும் அவ்வாட்டம் சிறந்திருக்கும். காண்போர் கைதட்டல் ஒரு மனிதனின் மூளைக்கு ஈடாகாது.

இப்போட்டியில் காண்போர்க்குரிய பங்கு யாது என்பதை 2020ஆம் ஆண்டு விளக்கிக் காட்டிற்று. அவ்வாண்டு மார்ச்சில் நடக்கவிருந்த கிண்ணப் போட்டி பெருந்தொற்றால் நிறுத்தப்பட்டது. 110 நாள் இடைவெளிக்குப்பின் யூன் 15ஆம் திகதி நிறுவனம் மீண்டும் காட்சியைத் தொடங்கிற்று. மறுநாளே 32 பேருடன் கிண்ணப் போட்டி ஆரம்பமாயிற்று. பார்வையாளர் ஒருவரேனும் அனுமதிக்கப்படவில்லை. வெற்று நாற்காலிகளின் நடுவே மல்லர்கள் மோதினர். உடல் பலகையில் விழும் ஓசையும் மூச்சிரைப்பும் நடுவரின் எண்ணும் குரலுமே தொலைக்காட்சியிற் கேட்டன. வென்றவர் கையைத் தூக்கினார், ஆரவாரம் எழவில்லை. தோற்றவர் தலைகுனிந்து சென்றார். அவர் பெயரைச் சொல்லித் தேற்ற ஒருவரும் இல்லை. ஆட்டத்தின் சட்டம் முழுவதும் அங்கே இருந்தது. ஆயினும் பாதி ஆட்டமே நடந்ததுபோல் தோன்றிற்று.

இறுதியாட்டம் யூலை 11ஆம் திகதி ஒசாக்காக் கோட்டை மண்டபத்தில் நடந்தபோது, குறைந்த தொகையினர் இடைவெளிவிட்டு அமர அனுமதி பெற்றனர். வாயை மூடிய முகக்கவசம், குரலெழுப்பத் தடை, கைதட்டலாம், அவ்வளவே. அவ்விரவில் ஈவில் என்ற பெயருடைய மல்லர் ஒக்காடாவை வென்றார். வாழ்த்துவதற்கு மேடையேறினார் அப்போது முடிதரித்திருந்த டெட்சுயா நைட்டோ; அவர் ஈவிலின் நெடுங்காலக் கூட்டாளி. ஈவில் அவரைக் காட்டிக்கொடுத்து எதிரிக் கூட்டத்தோடு சேர்ந்தார். மறுநாள் நைட்டோவின் முடியையும் கவர்ந்தார். பாரதக் கதை கேட்டு வளர்ந்த நமக்கு வஞ்சகம் புதியதன்று. வஞ்சகத்தைக் கண்டும் கூவ இயலாது, கையை மட்டும் தட்டியிருந்த சனத்தின் நிலைதான் புதிது.

இறுதியாக, பெற்றோருக்கு ஒரு சொல். தொலைக்காட்சியில் இத்தகைய காட்சிகளைக் கண்ட பிள்ளைகள் இடைவேளையில் ஒருவரையொருவர் தூக்கி எறிய முயல்வதைப் பாடசாலைகளில் நாம் காண்கின்றோம். அடிப்பதிலும் தடைசெய்வதிலும் பார்க்க விளக்குவதே நன்று. மல்லரின் மேடை உருக்குச் சட்டங்களின் மேல் பலகை பரப்பி, மெத்தை இட்டு, கித்தான் துணியால் இறுக்கப்பட்டது. விழும்போது சற்று வளைந்து கொடுக்கும். விழுபவர் தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒருசேரப் படுமாறு, கைகளால் தரையை அறைந்து விழுகின்றார். யூடோவிலும் இதுவே முதற் பயிற்சி. தூக்குபவரும் தூக்கப்படுபவரும் ஒருவரையொருவர் காத்துக்கொள்கின்றனர். ஒருவர் கழுத்து மற்றவர் கையில் அடைக்கலமாக ஒப்படைக்கப்பட்டிருக்கின்றது. இவ்வளவு காவல் இருந்தும் ஷிபாட்டா போன்றோர் மடியும் நிலைக்கு வந்தனர். சீமெந்துத் தரையும் பயிலாத கழுத்தும் உள்ள பிள்ளைக்குக் காவல் ஏது? இதனைக் காரணத்தோடு சொன்னால் பிள்ளைகள் கேட்பர்.

அவர்களுக்குச் சொல்லவேண்டியது இன்னொன்றும் உண்டு. நம் கல்வி முறையும் ஒருவகையில் விலகல் முறையே. புலமைப்பரிசில் தொடக்கம் பல்கலைக்கழக அனுமதி வரை ஒவ்வொரு சுற்றிலும் பலர் வெளியேறுகின்றனர். எஞ்சுவோரின் படமே பத்திரிகையில் வருகின்றது. வெல்வதற்கு நாம் ஆயிரம் முறை பயிற்றுகின்றோம். தோற்பதற்கு ஒருமுறையேனும் பயிற்றியதுண்டா? 32 பேரில் 31 பேர் தோற்பது கணக்கின் விதி. அதனை ஒருவராலும் மாற்ற இயலாது. தோற்றவர் எவ்வாறு எழுகின்றார், தம்மை வென்றவரை எவ்வாறு மதிக்கின்றார், மறுநாள் அணியாட்டத்துக்கு எவ்வாறு ஆயத்தமாகின்றார் என்பவை அவரவர் கையிலேயே உள்ளன. நியூ யப்பான் கிண்ணத்தில் தோற்ற மல்லர் அடுத்த இரவு வேறோர் ஊரில், நிகழ்ச்சியின் முற்பகுதியில், தம் முறைக்காகக் காத்திருக்கின்றார். அவர் பெயர் அழைக்கப்படும்போது அவ்வூர்ச் சனமும் கைதட்டுகின்றது.